வேலின் கனம் இருக்கும் இடம்

மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் பாடசாலைப் பிள்ளைகளின் போட்டி நடந்த ஒரு காலை. ஈட்டி எறிதலுக்கு வரிசையில் நின்ற ஒரு பிள்ளை, தன் முறை வருமுன் ஈட்டியைச் சுட்டுவிரலின் மேல் கிடையாக வைத்துப் பார்த்தாள். முன்பக்கம் சாய்ந்தது, கொஞ்சம் நகர்த்தினாள். பின்பக்கம் சாய்ந்தது, திரும்பவும் நகர்த்தினாள். கயிறு சுற்றிய பிடிக்குக் கீழே விரல் வந்ததும் ஈட்டி ஆடாமல் நின்றது. "சரி சேர்" என்று பயிற்றுநரைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடப் போனாள்.

அவள் கண்டுபிடித்த இடம் ஈட்டியின் நடு அல்ல. முனைக்குக் கிட்டவான ஓர் இடம். ஆண்கள் எறியும் ஈட்டி 2.6 முதல் 2.7 மீற்றர் வரை நீளம், 800 கிராம் நிறை. அதன் சமநிலைப் புள்ளி முனையிலிருந்து 90 முதல் 106 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்தப் புள்ளியை வெறும் 4 சென்ரிமீற்றர் நகர்த்தியதில் ஒரு விளையாட்டின் கணக்கே மாறிப்போன கதை உண்டு. 1984 இல் கிழக்கு ஜேர்மனியின் ஊவே ஹோன் 104.80 மீற்றர் எறிந்தார். இப்படியே போனால் மைதானம் போதாது, ஆட்களுக்கும் ஆபத்து. அதோடு பழைய ஈட்டி பல தடவை தட்டையாக விழுந்து, முனை குத்தியதா இல்லையா என்று தகராறும் வந்துகொண்டிருந்தது. 1986 இல் ஆண்களின் ஈட்டியின் சமநிலைப் புள்ளியை 4 சென்ரிமீற்றர் முன்னே தள்ளினார்கள். ஈட்டி நேரத்தோடு மூக்கைக் கவிழ்த்து இறங்கத் தொடங்கியது. அந்தப் புதிய ஈட்டியில் 1996 இல் யான் ஷெலஸ்னி எறிந்த 98.48 மீற்றரை இன்னும் ஒருவரும் தாண்டவில்லை.

வேலைப் பற்றிப் பேசப் போனால் நாம் எல்லோரும் அதன் இலையில் இருந்துதான் தொடங்குகிறோம். மண்டூர், திருக்கோவில், சித்தாண்டி, உகந்தை என்று வேலை வணங்கி வளர்ந்த ஊர்க்காரர் நாங்கள். எங்கள் கண்ணில் பதிந்த வேல் என்பது அந்த அகன்ற, கூர்ந்த இலைதான். ஆனால் வேட்டையிலும் போரிலும் பயன்பட்ட வேலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கம்பில் இருந்து தொடங்க வேண்டும். கனம் எங்கே இருக்கிறது, மரம் எப்படிப்பட்டது, கையை விட்டுப் போகுமா போகாதா என்ற மூன்று கேள்விகளுக்கு அந்தக் கம்புதான் பதில் சொல்கிறது. இலை அதற்குப் பிறகு வந்தது. பல இலட்சம் ஆண்டுகள் பிறகு.

எய்வது, எறிவது, குத்துவது

எங்கள் மொழி இதில் மிகவும் கவனமாக இருக்கிறது. அம்பை எய்கிறோம். வேலை எறிகிறோம். கையை விடாமல் தாக்கினால் குத்துகிறோம். மூன்றும் வெவ்வேறு வேலை, வெவ்வேறு தூரம், வெவ்வேறு ஆபத்து. படைச்செருக்கைப் பாடும் குறள் ஒன்று இந்த வேறுபாட்டை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது: "கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது." காட்டு முயலைத் தைத்த அம்பைவிட, யானைக்கு எறிந்து தவறிய வேலைக் கையில் வைத்திருப்பது மேல் என்கிறார் வள்ளுவர். வீரத்தைப் பற்றிய குறள்தான். ஆனாலும் அதற்குள் ஓர் ஆயுத அறிவு இருக்கிறது. முயலுக்கு அம்பு, யானைக்கு வேல்.

ஏன் அப்படி? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 கிராம் அம்பு ஒன்று செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 37.5 யூல். 800 கிராம் ஈட்டி ஒன்று செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில், அதாவது அம்பின் பாதி வேகமும் இல்லாமல், போகிறது. அதன் ஆற்றல் 160 யூல். நான்கு மடங்குக்கு மேல். உந்தத்தை, அதாவது நிறையை வேகத்தால் பெருக்கியதை, பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது: அம்புக்கு 1.5, ஈட்டிக்கு 16. தடித்த தோலுக்குள்ளும் தசைக்குள்ளும் தள்ளிக்கொண்டு உள்ளே போவதற்கு இந்த உந்தம்தான் வேண்டும். யானையின் தோல் சில இடங்களில் இரண்டரை சென்ரிமீற்றர் வரை தடிப்பு. அம்பாறைப் பக்கம் வயல் காவலுக்குப் போகிறவர்களுக்கு அந்த உடம்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இரவில் வேளாண்மைக்குள் இறங்கிய யானையை இருபது முழத்துக்குள் கண்டவர்களுக்கு, ஒரு மரக் கம்போடு அதன் முன்னால் போய் நின்ற மனிதனை நினைத்தால் உடம்பு கூசும்.

அப்படி நின்றிருக்கிறார்கள். ஜேர்மனியில் லேரிங்கன் என்ற இடத்தில் 1948 இல் ஒரு பழைய யானையின் எலும்புக்கூடு வெளிவந்தது. இன்று அழிந்துபோன, நேரான தந்தமுடைய யானை இனம். அதன் விலா எலும்புகளுக்கு நடுவே, யூ மரத்தில் செய்த ஓர் ஈட்டி கிடந்தது. நீளம் 2.38 மீற்றர். வயது ஏறக்குறைய 1 இலட்சத்து 20 ஆயிரம் ஆண்டு. இரும்பும் இல்லை, கல்முனையும் இல்லை. கூராக்கிய கம்பு மட்டும்தான்.

காழ் பார்த்துச் செதுக்கியவர்கள்

அதைவிடப் பழையதும், எனக்கு மிகவும் பிடித்ததும் ஷொனிங்கன் ஈட்டிகள். அதுவும் ஜேர்மனிதான். நிலக்கரி தோண்டும் ஒரு பெரிய திறந்த சுரங்கத்தின் ஓரத்தில், 1990களின் நடுவில் ஹார்ட்முட் தீமே என்ற தொல்லியலாளரின் குழு அவற்றை எடுத்தது. பழைய ஏரிக்கரைச் சேறு காற்றுப் புகாமல் மூடி வைத்திருந்ததால் மரம் உக்கவில்லை. சுற்றிலும் வெட்டப்பட்ட குதிரைகளின் எலும்புகள் கிடந்தன. வயது 3 இலட்சம் ஆண்டு என்று பல காலம் சொன்னார்கள். 2025 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று 2 இலட்சம் ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறது. எதுவானாலும் எங்களைப் போன்ற மனிதர் ஐரோப்பாவில் நிலைத்துக் குடியேறுவதற்கு எவ்வளவோ முந்தியது.

இந்த ஈட்டிகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால் செய்தவரின் கை தெரியும். பெரும்பாலானவை ஸ்புரூஸ் மரம், ஊசியிலை மரங்களில் ஒன்று. குளிரில் மெதுவாக வளர்ந்து ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும் மெல்லிய மரத்தைத் தேடி எடுத்திருக்கிறார்கள். பட்டையை உரித்து, கிளை முளைத்த கணுக்களைச் சீவி மட்டமாக்கி இருக்கிறார்கள். மரத்தின் அடிப்பக்கம், அதாவது கடினமும் கனமும் கூடிய பக்கம், ஈட்டியின் முனைப் பக்கமாக வரும்படி திருப்பி வைத்திருக்கிறார்கள். இதனால் கனம் தானாகவே முன்னுக்குப் போகிறது. இன்னொன்றுதான் என்னை வியக்க வைப்பது. மரத்தின் நடுவில் ஓடும் மெல்லிய சோற்றிப் பகுதி முனையில் வந்து முடியாதபடி, கூரை ஒரு பக்கமாக ஒதுக்கிச் செதுக்கி இருக்கிறார்கள். நடுச்சோற்றி மென்மையானது. அதில் கூர் வைத்தால் முதல் அடியிலேயே மழுங்கிவிடும். ஒரு தலைமுறையில் ஒருவருக்குத் தோன்றும் அறிவில்லை இது. எத்தனையோ முனைகள் மழுங்கி, எத்தனையோ குதிரைகள் தப்பிப் போன பிறகு கைமாறி வந்த பாடம்.

தமிழில் 'காழ்' என்ற சொல் இதற்குப் பொருத்தமாக வருகிறது. காழ் என்றால் மரத்தின் வைரம், அதாவது அதன் கடினமான பகுதி. வேலின் கம்புக்கும் பழைய பாடல்களில் காழ் என்றே பெயர். வைரமும் கம்பும் ஒரே சொல்லுக்குள் இருப்பது தற்செயலாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். தொல்காப்பியம் தாவரங்களைப் பிரிக்கும்போதும் இந்தக் காழைத்தான் அளவுகோலாக வைக்கிறது. உள்ளே வைரம் உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல். தென்னை, பனை, கமுகு, மூங்கில் எல்லாம் இந்தக் கணக்கில் புல். கமுகஞ் சலாகை கிழித்தவர்களுக்கு இது விளங்கும். கத்தி வெளித்தோலில் சறுக்கும், உள்ளே சோறு போல இறங்கும். கம்புக்கு எதை எடுப்பது, அதில் எந்தப் பக்கத்தை முனையாக்குவது என்று யோசிக்கிற ஒருவருக்கு இந்த அகக்காழ், புறக்காழ் வேறுபாடுதான் முதல் பாடம். எங்கள் பக்கத்தில் மண்வெட்டிப் பிடிக்கு விண்ணாங்கு தேடிப் போகிறவர்களிடம் இன்றும் அந்தப் பாடத்தின் மிச்சம் இருக்கிறது.

முனையைத் தீயில் வாட்டினால் கடினமாகும் என்பது பலர் அறிந்த செய்தி. சோதித்துப் பார்த்ததில் அது பாதி உண்மைதான். ஈரம் போய்க் கொஞ்சம் கடினமாகிறது, கூடவே முறிகிற தன்மையும் ஏறிவிடுகிறது. கரிந்த மரத்தைச் சுரண்டிக் கூராக்குவது எளிது என்பதுதான் தீயின் பெரிய உதவி.

எறிந்தார்களா, குத்தினார்களா

அந்தக் காலத்து ஈட்டிகள் எறிவதற்கா, கிட்டப் போய்க் குத்துவதற்கா என்பது நீண்ட நாள் வழக்கு. இவ்வளவு கனமான கம்பை எறிந்தால் பத்து மீற்றருக்கு மேல் பயன் இருக்காது என்று பல ஆய்வாளர்கள் நம்பியிருந்தார்கள். 2019 இல் அன்னமீக் மில்க்ஸ் என்பவரின் குழு ஒரு எளிய காரியம் செய்தது. ஷொனிங்கன் ஈட்டி ஒன்றின் மாதிரிகளை 760, 800 கிராம் நிறையில் செய்து, பயிற்சி பெற்ற ஈட்டி எறிதல் வீரர்கள் ஆறு பேரின் கையில் கொடுத்தது. அவர்கள் 20 மீற்றரில் இலக்கைத் தைத்தார்கள். முந்தைய கணிப்பின் இரு மடங்கு. அந்த நிறையைக் கவனியுங்கள், இன்றைய போட்டி ஈட்டியும் அதே 800 கிராம்தான்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது தூரம் அல்ல. எறியப் பழகாத கையால் எறிந்து பார்த்துவிட்டு, ஆயுதத்தில் குறை என்று இத்தனை காலம் எழுதி வைத்திருந்தோமே, அதுதான். சின்ன வயதிலிருந்து எறிந்து பழகிய ஒரு கை இருந்தால் கதை வேறு. எறிவதற்கென்றே அமைந்த தோள் மனிதனுடையது. 2013 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. கையைப் பின்னுக்கு இழுக்கும்போது தோளின் தசைநார்கள் கெற்றப்போல் றப்பர் போல இழுபட்டு ஆற்றலைச் சேர்த்து வைக்கின்றன. முன்னே வீசும்போது அது ஒரேயடியாக விடுபடுகிறது. இந்த அமைப்பு ஏறக்குறைய 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒன்றுசேர்ந்தது என்பது அவர்களின் முடிவு. சிம்பன்சி எங்களைவிடப் பலசாலி. ஆனால் எங்கள் பிள்ளைகள் மாங்காய்க்குக் கல்லெறிகிற வேகம் அதற்கு வராது.

சரி, எறிய முடியும் என்பதால் எப்போதும் எறிந்தார்கள் என்று ஆகாது. ஜேர்மனியில் நொய்மார்க் நோர்ட் என்ற இடத்தில் கிடைத்த 1 இலட்சத்து 20 ஆயிரம் ஆண்டு பழைய மான் எலும்புகளில் வட்டமான துளைகள் உள்ளன. அந்தத் துளையின் கோணத்தையும் உடைவையும் சோதித்தவர்கள், மெதுவான வேகத்தில், கீழிருந்து மேலாகக் குத்திய காயம் என்றார்கள். அங்கே வேட்டையாடிய நியண்டர்தால் மனிதர், அதாவது இன்று அழிந்துபோன பழைய மனித இனத்தார், மானுக்கு மூச்சுப் படும் தூரம் வரை போயிருக்கிறார்கள். இடத்தைப் பொறுத்தது, விலங்கைப் பொறுத்தது, ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரே ஈட்டி இரண்டுக்கும் பயன்பட்டிருக்கும்.

தூரம் வேண்டும் என்றானபோது மனிதர் கையையே நீட்டினார்கள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய நீளமான தடி, அதன் நுனியில் ஒரு கொக்கி. மெல்லிய ஈட்டியின் அடி அந்தக் கொக்கியில் உட்காரும். தடியை வீசினால் கை இன்னொரு மூட்டு முளைத்தது போல நீளும், ஈட்டி அதிக வேகத்தோடு போகும். பிரான்சில் கிடைத்த இத்தகைய எறிதடி 17 ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. அவுஸ்திரேலியப் பழங்குடியினரின் வூமெராவும் மெக்சிக்கோவின் அட்லாட்டும் இதே கருவிதான். பெருவின் மலைப்பகுதியில் வில்லமாயா பட்க்ஷா என்ற இடத்தில் 9 ஆயிரம் ஆண்டு பழைய புதைகுழியில் கல்முனைகளோடும் வேட்டைக் கருவிகளோடும் புதைக்கப்பட்டிருந்தவர் ஓர் இளம்பெண். 2020 இல் அந்த ஆய்வு வெளிவந்த பிறகு, வேட்டைக்காரன் என்று ஆண்பாலில் மட்டும் எழுதுவதை நான் நிறுத்திக்கொண்டேன்.

எறிந்தவன் வெறுங்கையன்

வேட்டையில் ஈட்டி தவறினால் விலங்கு ஓடிவிடும், ஈட்டியைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். போரில் அப்படியில்லை. எறிந்த ஈட்டி எதிரியின் காலடியில் கிடக்கும். அவன் அதை எடுத்துத் திருப்பி எறிவான். எறிந்தவனோ வெறுங்கையோடு நிற்பான். போர் ஈட்டியின் வடிவத்தில் நடந்த மாற்றங்களில் பாதி, இந்த ஒரு சிக்கலைத் தீர்க்க எடுத்த முயற்சிதான்.

மேலே சொன்ன அதே அதிகாரத்தில் இன்னொரு குறள்: "கைவேல் களிற்றொடு போக்கி வருபவன் மெய்வேல் பறியா நகும்." கையிலிருந்த வேலை யானை மேல் எறிந்துவிட்டான். வேறு வேல் தேடி வருகிறான். தன் மார்பில் தைத்திருந்த வேல் கண்ணில் படுகிறது. பறித்தெடுத்து மகிழ்கிறான். படிக்கும்போது மயிர்க்கூச்செறியும் காட்சி. ஆனால் போர்க்களத்தின் நடைமுறை உண்மையும் இதில் இருக்கிறது. வேல் எறிந்தவனுக்கு அடுத்த வேல் எங்கிருந்து வரும்? எதிரி எறிந்ததிலிருந்துதான்.

ரோமர் இதற்குக் கொல்லப்பட்டறையில் பதில் கண்டார்கள். அவர்களின் பிலம் என்ற எறியீட்டி ஏறக்குறைய 2 மீற்றர். அதில் முன்பகுதி முழுக்க நீண்ட, மெல்லிய இரும்புக் காம்பு. நுனியில் சிறிய கூர். காம்பு கேடயத்தைத் துளைத்துக்கொண்டு அதன் பின்னால் இருப்பவனின் உடம்பு வரை போகும். உடம்பைத் தொடாவிட்டாலும் கேடயத்தில் மாட்டிக்கொள்ளும், மெல்லிய இரும்பு வளைந்துவிடும், இழுத்தாலும் வராது. கி.மு. 58 இல் ஹெல்வேத்தியருடன் நடந்த போரில் ஒரே பிலம் இரண்டு மூன்று கேடயங்களைச் சேர்த்துத் தைத்ததையும், கையை உதறி உதறிப் பார்த்துக் கடைசியில் பலர் கேடயத்தையே எறிந்துவிட்டு வெறும் உடம்போடு சண்டையிட்டதையும் யூலியஸ் சீசர் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன் மாரியுஸ் என்ற தளபதி, இரும்பையும் கம்பையும் இணைக்கும் இரண்டு ஆணிகளில் ஒன்றை மர ஆணியாக மாற்றினார் என்று புளூட்டார்க் சொல்கிறார். பட்டவுடன் மர ஆணி முறியும், கம்பு தொங்கும், திருப்பி எறிய முடியாது. கெட்டுப்போவதற்கென்றே செய்த ஆயுதம்.

கிரேக்கர் வேறு வழியில் போனார்கள். அவர்களின் காலாட்படைவீரன் வேலைக் கையை விட்டு விடுவதே இல்லை. இரண்டு இரண்டரை மீற்றர் கம்பு, முன்னால் இலை, பின்னால் கனமான வெண்கலக் கூர். அந்தப் பின்கூர் நிலத்தில் ஊன்றவும், முனை முறிந்தால் திருப்பிக் குத்தவும் உதவும் என்பார்கள். அதைவிடப் பெரிய உபகாரம் ஒன்று உண்டு. பின்னால் கனம் ஏறியதால் சமநிலைப் புள்ளி பின்னே போகிறது. கம்பின் நடுவுக்குப் பின்னால் பிடித்தாலும் கை வலிக்காது. அதனால் முன்னால் நீளும் பகுதி கூடுகிறது. எறியும் ஈட்டிக்குக் கனம் முன்னால், பிடிக்கும் ஈட்டிக்குக் கனம் பின்னால். வெபர் மைதானத்தில் அந்தப் பிள்ளை விரலில் வைத்துப் பார்த்தது போல, எந்தப் பழைய வேலையும் விரலில் வைத்துப் பார்த்தால் அது எறியப்பட்டதா பிடிக்கப்பட்டதா என்று பாதி சொல்லிவிடலாம். மசிடோனியாவின் சரிசா இந்த வழியின் எல்லை. 4 முதல் 6 மீற்றர் வரை நீளம், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், தனியாளாக நின்றால் ஒன்றுக்கும் உதவாது, நூறு பேர் வரிசையாக நின்றால் அண்ட முடியாது. இதற்கு நேரெதிராக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாபிரிக்காவில் சூலு மன்னன் ஷாக்கா, எறியும் ஈட்டியைக் குறைத்து, குட்டையான கம்பும் அகன்ற அலகும் உள்ள குத்தீட்டியைத் தன் படைக்குக் கொடுத்தான்.

பன்றி வேட்டைக்கான ஐரோப்பிய ஈட்டியில் அலகுக்குக் கீழே குறுக்காக ஒரு சட்டம் இருக்கும். காட்டுப்பன்றி குத்துப்பட்ட பிறகும் நிற்காது, கம்பின் வழியே முன்னேறி ஆளை அடிக்க வரும். அதைத் தடுக்கத்தான் சட்டம். எங்கள் பக்கத்தில் பன்றியின் பாய்ச்சலைப் பார்த்த யாருக்கும் அந்தக் குறுக்குச் சட்டத்தின் அவசியம் உடனே பிடிபடும்.

எங்கள் காடும் எங்கள் வேலும்

இலங்கையின் காடு வேறு பாடம் சொல்லிக் கொடுத்தது. களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கல குகையில் ஏறக்குறைய 48 ஆயிரம் ஆண்டு பழைய எலும்பு முனைகள் கிடைத்திருக்கின்றன. அவை அம்பு முனைகள் என்றும், ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லுக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று என்றும் 2020 இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அந்த மனிதர் சாப்பிட்டது பெரும்பாலும் குரங்கும் அணிலும். அடர்ந்த மழைக்காட்டில், மரத்தின் உச்சியில் தாவும் குரங்கை ஈட்டி எறிந்து பிடிக்க முடியாது. எறிவதற்கு ஓட இடம் வேண்டும், கையை வீச இடம் வேண்டும். கிழக்கின் பற்றைக்காட்டிலும் அதே தடைதான். மாடு மேயும் தரவையில் ஈட்டி எறியலாம். முள்ளுப் பற்றைக்குள் கையை ஓங்கினாலே கம்பு சிக்கிக்கொள்ளும். வேடரின் கையில் வில்லும் கோடரியும் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் வேடரிடம் வேலின் சாயல் ஒன்று இருந்தது. செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட ஆய்வில், 'ஔதே' என்ற மிக நீண்ட அலகுடைய அம்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கிரி கொரஹா என்ற சடங்கில், தேங்காய்ப்பால் வைத்த பாத்திரத்தைச் சுற்றி அந்த அம்பைக் கையில் ஏந்தி ஆடுவார்கள். வேட்டைக் கருவி தெய்வத்தின் கருவியாகிவிட்டது. மண்டூர்த் தலமரபில், தில்லை மரத்தில் வேலைக் கண்டு முதலில் வழிபட்டவர்கள் வேடர்கள். வாகரை, பனிச்சங்கேணி, களுவன்கேணிப் பக்கம் தமிழ் பேசும் வேடர் வழிவந்த குடும்பங்கள் இன்றும் இருக்கிறார்கள். மண்டூரில் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமல் செய்கிற பூசையைப் பார்க்கும்போது, பூசைமுறைகள் நூல்களில் எழுதப்படுவதற்கு முந்திய ஏதோ ஒன்றின் முன்னால் நிற்கிற உணர்வு எனக்கு எப்போதும் வரும்.

இரும்பு வந்த பிறகு வேலுக்கு இலை வந்தது. வாகரைக்கு வடக்கே கதிரவெளியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உள்ளன. அதே பண்பாட்டுக் காலத்து ஆதிச்சநல்லூரில், நூறு ஆண்டுக்கு முன் தாழிகளைத் தோண்டிய அலெக்சாண்டர் ரீ, இரும்பு ஆயுதங்கள் முனை கீழ்நோக்கியபடி நின்றதைக் குறித்திருக்கிறார். துக்கம் கொண்டாட வந்தவர்கள் தாழியைச் சுற்றி நிலத்தில் குத்தி விட்டுப் போனதுபோல இருந்ததாம். கம்பெல்லாம் உக்கிப்போய்விட்டது. இலை மட்டும் மிஞ்சியது. வேல் என்றால் இலை என்று நாங்கள் நினைப்பதற்கு அருங்காட்சியகங்களும் ஒரு காரணம். மண் தின்னாததை மட்டும்தானே அங்கே வைக்க முடியும்.

தின்னப்பட்ட அந்தக் கம்பை ஒளவையாரின் பாடல் ஒன்று காப்பாற்றி வைத்திருக்கிறது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போனபோது பாடியது, புறநானூற்றில் 95ஆவது. தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துச் சொல்கிறார்: இவை பீலி அணிந்து, மாலை சூடி, திரண்ட வலிய காழ் திருத்தப்பட்டு, நெய் பூசப்பட்டுக் காவலுள்ள அரண்மனையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்திப் பக்கமும் நுனியும் சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன. போரை நாடியவனுக்குச் சொன்ன நயமான எச்சரிக்கை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆயுதக் குறிப்பாகவும் அதைப் படிக்கலாம். சும்மா இருக்கும் வேலுக்குக் கம்பைத் திருத்த வேண்டும், நெய் பூச வேண்டும். மரம் காய்ந்தால் வெடிக்கும், இரும்பில் ஈரம் பட்டால் துரு. வேலை செய்த வேல் பட்டறைக்குப் போகும், ஏனென்றால் இலைதான் சிதையும். இலையை மீண்டும் வடிக்கலாம். நல்ல காழ் மீண்டும் கிடைக்கக் காடு ஏற வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்த நாளைவிட, வாவிக்கரையில் ஒரு பெரியவரின் வீட்டில் நின்ற மாலையில்தான் நன்றாக விளங்கிக்கொண்டேன். எழுபது தாண்டியவர். இரவில் தோணியில் வெளிச்சம் பிடித்துக்கொண்டு போய் மீன் குத்துகிற ஆள். அவருடைய மண்டாவில், அதாவது மீன் குத்தும் ஈட்டியில், நான்கு இரும்பு முள், ஒவ்வொன்றின் நுனியிலும் திரும்பின கொக்கி. மானுக்கு இரத்தம் ஓட வேண்டும், அதனால் அகன்ற அலகு. கேடயத்துக்குள் நுழைய வேண்டும், அதனால் ரோமரின் ஒல்லிக் காம்பு. மீனைக் கொல்வதைவிடப் பிடித்து வைத்திருப்பதுதான் பெரிது. அதனால்தான் பல முள்ளும் கொக்கியும்.

"மீன் தெரியிற இடத்துல குத்தினா மீன் இரிக்காது மனே. அதுக்குக் கீழ குத்தோணும்" என்றார். தண்ணீரில் ஒளி முறிவதால் மீன் இருக்கும் இடத்தைவிட மேலே தெரியும். அவருக்கு ஒளிமுறிவு என்ற சொல் தேவைப்படவில்லை.

"எறியிறதா, குத்துறதா ஐயா?"

"கிட்டக் கிடந்தாக் குத்து. தூரக் கிடந்தா எறி. எறியிறண்டாக் கயிறு கையில இரிக்கோணும்."

கம்பின் அடியில் நைலோன் கயிறு கட்டியிருந்தது. குறளில் வரும் வீரனுக்கும் மாரியுசின் மர ஆணிக்கும் இடையில் இப்படி ஓர் எளிய தீர்வு, ஐந்து பாகம் (ஒரு பாகம் இரு கையையும் விரித்த அளவு) நீளத்தில், சுருட்டி மடித்துக் கிடந்தது.

இரும்பு முள்ளை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருதரம் கம்மாலையில் புதிதாக அடித்துப் போடுவாராம். உப்புத் தண்ணீர் விடாது. கம்பு அவருடைய தகப்பன் காலத்தது. பிடிக்கும் இடத்தில் கை பட்டுப் பட்டுக் கறுத்து, எண்ணெய் பூசிய கதவு போல வழுவழுப்பாக இருந்தது. நான் பார்த்து முடித்துச் சுவரில் சாத்தப் போனேன். தடுத்து வாங்கினார். வீட்டு இறவாரத்தில் இரண்டு கயிற்று வளையம் தொங்கியது. அதற்குள் கம்பைக் கிடையாகச் செருகி, ஆட்டம் நிற்கும்வரை கையால் பிடித்திருந்தார்.

"சாத்தி வெச்சா வளைஞ்சிரும்" என்றார்.